மெயில் மெர்ஜ்: சொல்லும் பிழையும் சொல்லாத பிழையும்

(ஓசூரில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட அழைப்பு, உதவித்தொகைக்கு வங்கி விவரம் கேட்கும் படிவம், மிதிவண்டி வாங்க வரச் சொல்லும் சீட்டு என்று ஆண்டு முழுவதும் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் பல பேருக்கு அனுப்புகிறோம். அந்த வேலையைக் கணினி செய்வதுதான் மெயில் மெர்ஜ். தமிழில் அஞ்சல் ஒன்றிணைப்பு என்கிறோம். வேர்ட்ஸ்டார் புழங்கிய 1980களிலேயே அலுவலகங்களில் வந்துவிட்ட வசதி இது. வேர்டில் கடிதம், எக்செல்லில் பட்டியல், இரண்டையும் இணைக்கும் புலங்கள், இவ்வளவுதான். எப்படிச் செய்வது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தப்பு வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

பேச்சு முழுவதற்கும் ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புகிறோம். சான்றிதழில் அச்சாகும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி எல்லாம் பள்ளி தரும் விவரத்திலிருந்தே போகின்றன. அதற்கு முன்பு ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் ஒரு சீட்டில் அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பி, "சரிபார்த்தேன்" என்று பெற்றோரின் கையொப்பம் வாங்குவது நல்ல வழக்கம். இந்தச் சரிபார்ப்புச் சீட்டை மெயில் மெர்ஜில் தயாரிக்கிறோம் என்று வையுங்கள்.

இந்தச் சீட்டு நம் வட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். ஓசூர், தளி, பாகலூர், சூளகிரிப் பக்கம் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டு மொழி பிரியும். சிப்காட் தொழிற்சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளி கொடுத்த தாள் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்போது சீட்டில் உள்ள தப்பு பெற்றோர் ஒப்புக்கொண்ட விவரமாக ஆகிவிடும். ஆகவே தாள் வீட்டுக்குப் போகும் முன்பே அதைச் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

மெயில் மெர்ஜில் பிழைகள் இரண்டு வகை. ஒன்று, "தப்பு நடந்திருக்கிறது" என்று கணினியே சொல்லும் பிழை. மற்றொன்று, எதுவும் சொல்லாமல் அழகாக அச்சாகி வரும் பிழை. முதல் வகை நம் நேரத்தை எடுக்கும். இரண்டாம் வகை பிள்ளையின் சான்றிதழில் போய் உட்காரும்.

சொல்லும் பிழைகள்

சொல்லும் பிழைகளில் அடிக்கடி வருவது "இன்வேலிட் மெர்ஜ் ஃபீல்ட்" என்ற பெட்டி. கடிதத்தில் ஒரு புலம் இருக்கிறது, அந்தப் பெயரில் எக்செல்லில் நெடுவரிசை இல்லை என்பது இதன் பொருள். கடிதம் தயாரான பிறகு வேறொருவர் எக்செல்லில் "நேம்" என்ற தலைப்பை "ஸ்டூடன்ட் நேம்" என்று மாற்றியிருப்பார். பெட்டியிலேயே இரண்டு வழி தரப்படும்: அந்தப் புலத்தை நீக்கலாம், அல்லது பட்டியலில் உள்ள சரியான நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். அவசரத்தில் நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அந்த விவரம் எல்லாக் கடிதத்திலும் இல்லாமல் போகும். சரியான நெடுவரிசையைக் காட்டுங்கள்.

அடுத்தது, புலங்களின் பட்டியலைத் திறந்தால் பெயர், பிறந்த தேதி என்று வராமல் எஃப்2, எஃப்3, எஃப்4 என்று வரும். இதற்குக் காரணம் நம் வழக்கம்தான். எக்செல்லின் முதல் வரிசையில் பள்ளியின் பெயரையும் கல்வியாண்டையும் பெரிய எழுத்தில், பல கட்டங்களை ஒன்றாக்கிப் போடுகிறோம். வேர்ட் முதல் வரிசையைத்தான் நெடுவரிசைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். அங்கே தலைப்பு இல்லாத கட்டங்களுக்குத் தானே எஃப்2, எஃப்3 என்று பெயர் வைத்துக்கொள்ளும். மெயில் மெர்ஜுக்கு வைத்திருக்கும் எக்செல்லில் முதல் வரிசை தலைப்புகளுக்கு மட்டுமே. பள்ளிப் பெயர் கடிதத்தில் இருந்தால் போதும். தலைப்புகளும் சுருக்கமான ஆங்கிலச் சொல்லாக, இடைவெளி இல்லாமல், எண்ணில் தொடங்காமல் இருக்கட்டும். இடைவெளி இருந்தால் வேர்ட் அங்கே அடிக்கோடு போட்டு வேறு பெயராக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, எல்லாச் சீட்டிலும் பிள்ளையின் பெயருக்குப் பதிலாக «நேம்» என்று அப்படியே அச்சாகிவரும். அந்த இரட்டைக் கோணக் குறியை யாரோ கையால் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று பொருள். பார்வைக்குப் புலம்போல இருக்கும், ஆனால் அது வெறும் எழுத்து. மெயிலிங்ஸ் பட்டியில் "ஹைலைட் மெர்ஜ் ஃபீல்ட்ஸ்" என்ற பொத்தானை அழுத்தினால் உண்மையான புலங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரியும். நிறம் மாறாததை அழித்துவிட்டு "இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட்" வழியாகத் திரும்பப் போடுங்கள்.

நான்காவது, திரை முழுக்க நெளி அடைப்புக்குறிக்குள் ஏதேதோ ஆங்கிலக் குறியீடாகத் தெரியும். இது பிழையே இல்லை. ஆல்ட் விசையும் எஃப்9 விசையும் சேர்ந்து அழுந்தியிருக்கிறது. அதையே மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். இந்த விசைகளை நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஐந்தாவது, வீட்டில் தயாரித்துப் பென் டிரைவில் கொண்டுவந்த கடிதம் பள்ளிக் கணினியில் திறந்ததும், தரவு இருக்கும் கோப்பைக் காணோம் என்று சொல்லும். கடிதம் தன் பட்டியல் எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில் இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கிறது. இடம் மாறினால் திணறும். கடிதத்தையும் எக்செல்லையும் ஒரே கோப்புறையில் வைத்து, புதுக் கணினியில் "செலக்ட் ரெசிபியன்ட்ஸ்" வழியாகப் பட்டியலை ஒருமுறை காட்டிவிடுங்கள். கடிதத்தைத் திறக்கும்போது, ஒரு கட்டளையை இயக்கட்டுமா என்று வேர்ட் கேட்கும். அது நீங்களே தயாரித்த கோப்பு என்றால் "யெஸ்" கொடுக்க வேண்டும். "நோ" கொடுத்தால் பட்டியலோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். எக்செல்லில் செய்த திருத்தத்தைச் சேமித்து, கோப்பை மூடிய பிறகே கடிதத்தைத் திறவுங்கள். சேமிக்காத திருத்தம் கடிதத்துக்கு வராது.

இவை எல்லாம் சொல்லும் பிழைகள். கொஞ்சம் பொறுமை இருந்தால் தீர்ந்துவிடும். மெயிலிங்ஸ் பட்டியில் "செக் ஃபார் எரர்ஸ்" என்றும் ஒரு வசதி இருக்கிறது. அது ஒத்திகை பார்த்துப் பிழை உண்டா என்று சொல்லும். ஆனால் அது இந்த முதல் வகையைத்தான் பிடிக்கும். "டீச்சர், எர்ரர் எதுவும் காட்டவில்லையே, அப்புறம் எப்படித் தப்பு வந்தது?" என்று கேட்பவர்கள் இரண்டாம் வகையைச் சந்தித்தவர்கள்.

பிறந்த தேதி

சொல்லாத பிழைகளில் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. எக்செல்லில் 05-12-2010 என்று சரியாக இருக்கிறது. டிசம்பர் 5. கடிதத்தில் அது 12/5/2010 என்று வருகிறது. எக்செல்லில் நாம் எந்த வடிவத்தில் வைத்திருந்தாலும் வேர்ட் பெரும்பாலும் தேதியை அமெரிக்க முறையில், மாதம் முதலில் வருமாறு எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அதைப் படிப்பவர் மே 12 என்றுதான் படிப்பார்.

25-12-2010 என்ற தேதி 12/25/2010 என்று வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும், 25ஆம் மாதம் கிடையாது. நாள் 12க்குள் இருக்கும்போதுதான் சிக்கல். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மாதங்களில் முதல் 12 நாட்கள் என்றால் 144 நாட்கள். அதில் ஜனவரி 1, பிப்ரவரி 2 போல நாளும் மாதமும் ஒன்றாக இருப்பவை 12. அவை மாறினாலும் ஒன்றுதான். மீதி 132. ஆக, ஆண்டின் 365 நாளில் 132 நாட்களில் பிறந்தவர்களுக்குத் தேதி தலைகீழானாலும் பார்வைக்குத் தெரியாது. 40 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய 14 பேர்.

தீர்வு எளிது. ஆல்ட், எஃப்9 அழுத்துங்கள். பிறந்த தேதிப் புலத்தின் குறியீடு தெரியும். புலத்தின் பெயருக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, \@ என்ற குறியைப் போட்டு, மேற்கோள் குறிக்குள் வடிவத்தைக் கொடுங்கள்: நாளுக்கு டி இரண்டு, ஒரு சிறுகோடு, மாதத்துக்கு எம் இரண்டு, ஒரு சிறுகோடு, ஆண்டுக்கு ஒய் நான்கு. இதில் எம் மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எம் போட்டால் வேர்ட் அதை நிமிடம் என்று எடுத்துக்கொண்டு மாதத்தின் இடத்தில் 00 போடும். பிறகு மறுபடி ஆல்ட், எஃப்9.

குறியீட்டில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் எக்செல்லிலேயே தீர்க்கலாம். பக்கத்தில் புதிய நெடுவரிசை திறந்து டெக்ஸ்ட் என்ற சார்பால் தேதியை எழுத்து வடிவமாக்கி, அந்த நெடுவரிசையைக் கடிதத்தில் இணையுங்கள். எழுத்தாகிவிட்டதை வேர்ட் புரட்டிப் போடாது. இரண்டு வழியில் ஏதேனும் ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

எக்செல்லுக்குள்ளேயே தேதி தப்பாகப் பதிவாகியிருந்தால் இந்த வழிகள் உதவாது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், நாம் 05/12/2010 என்று தட்டியதை அது மே 12 என்று பதிந்துவிடும். 25/12/2010 என்று தட்டினால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க, அந்த நெடுவரிசைக்கு நாம் வேறு சீரமைப்பு எதுவும் செய்யாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில வலமும் சில இடமும் நின்றால் நிறுத்திவிட்டுச் சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள்.

நம் பதிவேடுகளிலும் மாற்றுச் சான்றிதழிலும் பிறந்த தேதியை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். எண்ணில் நேரும் குழப்பத்தை எழுத்து பிடித்துவிடும். சரிபார்ப்புச் சீட்டிலும் மாதத்தின் பெயர் எழுத்தில் இருக்கட்டும். எம் நான்கு முறை போட்டால் வேர்ட் மாதத்தின் பெயரையே அச்சிடும். "டிசம்பர்" என்பது தமிழ் படிக்கத் தெரியாதவர் காதுக்கும் புரியும் சொல். பிள்ளை வாசித்துக் காட்டினால் அம்மா "ஆமாம், டிசம்பர்தான்" என்று சொல்லிவிடுவார்.

எண்களும் கதவு இலக்கமும்

இரண்டாவது இடம் எண்கள். எக்செல் எண்ணை எண்ணாகத்தான் பார்க்கும். ஓசூரின் தொலைபேசிக் குறியீடு 04344, கிருஷ்ணகிரிக்கு 04343. இதைத் தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கி 4344 என்று வைத்துக்கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே கதிதான். 12 இலக்க எண்ணைத் தட்டினால் புள்ளியும் ஈ எழுத்தும் சேர்ந்த அறிவியல் குறியீடாகக் காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் அதற்குப் பிந்திய இலக்கங்களைப் பூஜ்யமாகவே மாற்றிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் போனால் உதவித்தொகையே போகும். அப்படிப் போன இலக்கத்தை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது, வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும்.

கதவு இலக்கத்தைப் பாருங்கள். 12/3 என்று தட்டினால் எக்செல் அதை ஒரு தேதியாக மாற்றிவிடும். 12/3ஏ என்று தட்டினால் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 45 என்றால் எண். ஒரே நெடுவரிசையில் மூன்று வகை. இது கடிதத்துக்குப் போகும்போது இன்னொரு சிக்கல் வரும். எக்செல்லைப் படிக்கும் இடைநிலை மென்பொருள் வழக்கமாக முதல் 8 வரிசைகளைப் பார்த்து, "இது எண் நெடுவரிசை" அல்லது "இது எழுத்து நெடுவரிசை" என்று முடிவு கட்டிவிடும். எண் என்று முடிவு கட்டினால் பிறகு வரும் எழுத்துகளுக்குப் பதிலாக 0 அல்லது வெற்றிடம் வரும். முதல் பத்துப் பிள்ளைகளின் கடிதம் சரியாக இருக்கும், 11ஆம் பிள்ளையின் கதவு இலக்கம் 0 ஆகும். "முதல் சில கடிதத்தைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்பது இதனால்தான் போதாது.

இதற்கு ஒரே மருந்து, தட்டச்சு செய்யும் முன்பே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" வகையாக மாற்றிவைப்பது. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்கள் எல்லாம் எழுத்துதான். சேர்க்கை எண், கைப்பேசி எண், கணக்கு எண், கதவு இலக்கம் ஆகியவற்றை யாரும் கூட்டுவதில்லை. ஏற்கெனவே தட்டிவிட்ட நெடுவரிசையின் வகையை மட்டும் மாற்றினால் உள்ளே இருப்பவை மாறாது. டேட்டா பட்டியில் "டெக்ஸ்ட் டு காலம்ஸ்" திறந்து, கடைசிப் படியில் "டெக்ஸ்ட்" என்று தேர்ந்தெடுத்தால் மாறும்.

ஆதார் எண்ணை இந்தச் சீட்டுகளில் போடவே வேண்டாம். வகுப்பில் கைமாறிப் போகும் தாளில் அதற்கு இடமில்லை. கடிதத்துக்குத் தேவைப்படாத நெடுவரிசைகளை நீக்கிய தனிப் பிரதியை எடுத்து, அதை மட்டும் மெயில் மெர்ஜுக்குப் பயன்படுத்துங்கள்.

பெயரும் முன்னெழுத்தும்

மூன்றாவது பெயர். எல்லைப் பகுதி ஆசிரியர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. நம் வழக்கத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021இல் அரசு ஆணையிட்டது. அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கமிருந்து வந்து சேரும் பிள்ளையின் கர்நாடகப் பள்ளிச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் இருக்கலாம். அங்கே இரண்டு எழுத்து இருந்தால் ஒன்று ஊர்ப் பெயராகவும் இருக்கலாம். முன்னாள் பிரதமர் எச்.டி. தேவகவுடாவின் பெயரில் எச் என்பது ஹரதனஹள்ளி என்ற ஊர், டி என்பது தந்தை தொட்டேகவுடா. வடமாநிலத்துப் பிள்ளைக்கு முன்னெழுத்தே இருக்காது. பெயரின் பின்பகுதியாக வரும் "குமார்" அப்பாவின் பெயரும் அல்ல.

ஆகவே முன்னெழுத்துக்குத் தனி நெடுவரிசை, பெயருக்குத் தனி நெடுவரிசை. கடிதத்தில் முன்னெழுத்துப் புலம், ஒரு புள்ளி, பெயர்ப் புலம் என்று போட்டால் முன்னெழுத்து இல்லாத பிள்ளைக்குப் பெயருக்கு முன்னால் வெறும் புள்ளி மட்டும் நிற்கும். அதைப் பார்த்து, இங்கே எழுத்து விடுபட்டிருக்கிறது என்று யாராவது ஒன்றைச் சேர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. இதற்குப் புலத்திலேயே வழி இருக்கிறது. முன்னெழுத்துப் புலத்தின் குறியீட்டில் பின்சாய்வுக் கோடும் சின்ன எஃப் எழுத்தும் போட்டு, மேற்கோள் குறிக்குள் புள்ளியையும் ஓர் இடைவெளியையும் கொடுத்தால், முன்னெழுத்து இருந்தால் மட்டுமே அந்தப் புள்ளி அச்சாகும்.

மகன், மகள் என்று மாற்றிப் போட "ரூல்ஸ்" பட்டியில் உள்ள "இஃப்" விதியைப் பயன்படுத்துகிறோம். பாலினக் கட்டத்தில் எஃப் என்றிருந்தால் மகள், இல்லாவிட்டால் மகன். கட்டத்தில் எஃப் எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தால், அது எஃப் இல்லை என்று விதி முடிவு செய்து மகளை மகனாக்கிவிடும். எக்செல்லில் டிரிம் சார்பு அந்த இடைவெளியை நீக்கும். "பெண் என்றால் மகள், ஆண் என்றால் மகன், இரண்டும் இல்லாவிட்டால் வெற்றிடம்" என்று இரண்டு விதியாகப் பிரிப்பது இன்னும் நல்லது. வெற்றிடம் நம் கண்ணில் படும், தவறான சொல் படாது.

எழுத்துருவும் மொழியும்

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரநிலையாக ஏற்றது. ஆனாலும் பழைய பட்டியல்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. கடிதம் ஒருங்குறியில் இருந்தால் பெயர் வரும் இடத்தில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவை மாற்றிச் சமாளிக்காமல், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் பட்டியலையே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை படியுங்கள். பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமிப்பதானால் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. கௌரி என்பதை ஔகாரக் குறியால் தட்டலாம். ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி" என்றும் சிலர் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு பெயர். ஊர்ப் பெயரிலும் அப்படித்தான். ஓசூர் என்றும் ஒசூர் என்றும் இரண்டு விதமாகத் தட்டியிருந்தால், "ஓசூர் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று வடிகட்டும்போது ஒசூர்ப் பிள்ளைகளுக்குக் கடிதமே வராது. எக்செல்லில் வடிகட்டும் அம்புக்குறியைத் திறந்தால் அந்த நெடுவரிசையில் உள்ள எல்லா வடிவங்களும் வரிசையாகத் தெரியும். ஒரே ஊர் இரண்டு முறை தெரிந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

வீட்டு மொழிக்கு ஒரு நெடுவரிசை வைத்தால், அதைக்கொண்டு வடிகட்டித் தெலுங்கு, கன்னடக் கடிதங்களைத் தனியாகத் தயாரிக்கலாம். விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ எழுத்துருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் உண்டு. உருது வலமிருந்து இடமாகப் போவதால் அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். மொழிபெயர்ப்பை அந்த மொழி தெரிந்த ஆசிரியரே பார்க்கட்டும். நம் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளில் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

முதல் பீஸைப் பார்ப்பது

நம் பிள்ளைகளின் பெற்றோர் பலர் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஒரு நடைமுறை உண்டு. இயந்திரத்தைப் புதிதாக அமைத்ததும் முதலில் வரும் பொருளை எடுத்து அளந்து பார்ப்பார்கள். அது சரி என்று கையொப்பம் ஆன பிறகே மற்றவை ஓடும். ஆயிரம் பீஸ் ஓடிய பிறகு தப்பைக் கண்டுபிடித்தால் ஆயிரமும் குப்பை என்பது அவர்களுக்குத் தெரியும். மெயில் மெர்ஜும் அப்படிப்பட்ட இயந்திரம்தான்.

நமக்கான முதல் பீஸை நாமே செய்துகொள்ளலாம். பட்டியலின் மேலே மூன்று கற்பனை மாணவர்களைச் சேருங்கள். ஒருவருக்கு முன்னெழுத்து வேண்டாம், பெயர் மிக நீளமாக இருக்கட்டும். இன்னொருவருக்குப் பிறந்த தேதி டிசம்பர் 5, கதவு இலக்கம் 12/3ஏ. மூன்றாமவர் மாணவி, கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கட்டும். இந்த மூவரின் கடிதமும் சரியாக வந்தால் இதுவரை சொன்ன பெரும்பாலான சிக்கல்கள் தீர்ந்தன என்று பொருள். பிறகு "எடிட் ரெசிபியன்ட் லிஸ்ட்" திறந்து மூவரின் குறியையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, நேரடியாக அச்சுக்கு அனுப்பாமல் "எடிட் இன்டிவிஜுவல் டாகுமென்ட்ஸ்" கொடுத்து எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பாக எடுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையும் பக்கங்களின் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வடிகட்டியில் யாரோ விடுபட்டிருக்கிறார்கள், அல்லது "நெக்ஸ்ட் ரெக்கார்ட்" என்ற விதி கடிதத்தில் தவறுதலாக நுழைந்து ஆட்களைத் தாண்டிப் போகிறது. அடையாளச் சீட்டு, முகவரி ஒட்டி போன்றவற்றில் இதே விதி இல்லாவிட்டால் ஒரு பக்கம் முழுக்க ஒரே பிள்ளையின் பெயர் வரும். எண்ணிக்கை கூடினால் பட்டியலின் அடியில் வெற்று வரிசைகள் இருக்கின்றன.

பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உள்ள ஓப்பன் ஆபீஸ் ரைட்டரையோ லிப்ரே ஆபீஸையோ பயன்படுத்துவோருக்குப் பொத்தான்களின் பெயர் மாறும். அங்கே பட்டியலை முதலில் தரவுத்தளமாகப் பதிவு செய்ய வேண்டும். கன்ட்ரோல், எஃப்9 அழுத்தினால் புலங்களின் பெயர் தெரியும். ஆனால் எண்ணை எழுத்தாக வைப்பது, முன்னெழுத்தைப் பிரிப்பது, எண்ணிக்கை பார்ப்பது எல்லாம் அங்கும் இதேதான்.

கடைசியாக ஆளுக்கு ஆள் சரிபார்ப்பு. ஓர் ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து வாசிக்கட்டும், மற்றொருவர் அச்சான சீட்டைப் பார்க்கட்டும். எக்செல்லைப் பார்த்து வாசித்தால் பயனில்லை, தப்பு அங்கேயே இருக்கலாம். ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் விட்டால், சில ஆண்டுகள் கழித்து ஒரு பிள்ளை ஐடிஐ சேர்க்கைக்கோ சிப்காட் வேலைக்கோ போய் நிற்கும்போது, சான்றிதழில் ஒரு தேதியும் பிறப்புச் சான்றில் வேறு தேதியும் இருக்கும். திருத்தம் வாங்க அந்தப் பிள்ளையின் அப்பா சம்பளத்தை விட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும்.

நாளை பள்ளிக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் பத்தாம் வகுப்புப் பட்டியலைத் திறந்து, பிறந்த தேதி நெடுவரிசையில் எத்தனை வலப்பக்கம் நிற்கின்றன, எத்தனை இடப்பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். ஏதேனும் சந்தேகம் இருந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரையும் கூட்டி உட்கார்ந்து பாருங்கள்.